குணத்தின் மீது பழிபோடும் ஆய்வுகள்

பணியிடக் கொடுமைக்குக் காரணம் தேடும் மேலாண்மைத் துறை ஆய்வேடுகள் பலவும் ஒரே வாசலில் போய் நிற்கின்றன: ஆளுமைப் பண்பு. தற்காதல், சூழ்ச்சி மனம், இரக்கமின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து 2002இல் பால்ஹஸ், வில்லியம்ஸ் ஆகியோர் ‘இருண்ட மும்மை’ என்றனர். அது இன்று வினாத்தாளாகிவிட்டது. அதில் மதிப்பெண் மிகுந்தவர் கொடுமையாளர்; மனப்பதற்றம் மிகுந்தவர் இரை. கணக்கு சரியாக இருக்கலாம், கேள்விதான் பிழை.

அந்த வினாத்தாளை மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் நீட்டிப் பார்க்கட்டும். கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களே, அவர்களுள் மிகப் பலர் தலித்துகள், அங்கே கொழுந்து கிள்ளுகின்றனர். குடியிருக்கும் லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். இந்நிலையில், மேற்பார்வையாளரின் ஏச்சுக்கு எதிர்ச்சொல் சொல்லாத பெண்ணின் மௌனத்தைப் ‘பணிந்துபோகும் ஆளுமை’ என்று பதிவது ஆய்வா, அவதூறா?

விடை 2015 செப்டம்பரில் கிடைத்தது. போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், பணிந்தவர்களாகக் கருதப்பட்ட அதே பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் வரவே விடவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை என 20 விழுக்காட்டைப் பெற்றனர். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அப்பெண்களின் ஆளுமை ஒரே வாரத்தில் மாறிவிட்டதா? மாறியது குணமன்று, தனியாள் கூட்டமானாள்.

ஒரே தோட்டத்தில் ஒரு மேற்பார்வையாளர் கனிவாகவும் இன்னொருவர் கொடூரமாகவும் நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடப்பதுண்டு. ஆனால் கனிவானவரின் கனிவை நம்பிப் பிழைக்க வேண்டியிருப்பதே கொடுமையின் முதல் படி. பணியிடக் கொடுமை ஆய்வுக்கு ஸ்வீடனில் அடித்தளமிட்ட ஹைன்ஸ் லேமன், ஆளுமையைக் காரணமாக்குவதை மறுத்து, வேலை ஒழுங்கமைப்பையும் நிருவாகத்தையுமே சுட்டினார். அந்நாடு 1993இல் வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கி விதி செய்தது. இந்தியாவிலோ 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டுமே உரியது. ஏச்சுக்கும் இழிவுக்கும் தனிச்சட்டம் இல்லை.

குண விளக்கம் யாருக்குப் பயன்படும் என்பதையும் மூணாறே காட்டியது. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணியின் பேச்சு தங்களை இழிவுபடுத்தியது என்று கூறி, அவ்வியக்கப் பெண்கள் மீண்டும் போராடினர். தம் சொற்கள் திரிக்கப்பட்டன என்றார் மணி. அது அவருடைய நாட்டுப்புறப் பேச்சுநடை என்று சட்டமன்றத்தில் காத்து நின்றார் முதலமைச்சர் பினராயி விஜயன். அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லுக்குக் ‘குணம்’ மன்னிப்பாகிறது. இல்லாதவரின் மௌனத்துக்கோ அதுவே குற்றப்பத்திரிகையாகிறது.

நெல்லியாம்பதிக்கும் மூணாற்றுக்கும் வினாத்தாளோடு மலையேறும் ஆய்வாளர், மனத்தை அளக்கும் முன் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும்: வீடு யாருடையது? கொழுந்தை நிறுப்பவர் யார்? புகாரை வாங்குபவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வருமானால், ஆளுமை அளவுகோலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நேர்மை.