தாயான மாணவியும் பரீட்சை எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இளவயதுக் கர்ப்பம் பற்றிய உங்கள் கட்டுரையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். இலங்கையின் பொது விவாகச் சட்டம் 1995 முதல் 18 வயதைக் கேட்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ 12 வயதுக்குட்பட்ட சிறுமிக்கு மட்டுமே காதி நீதிபதியின் அனுமதி தேவை என்கிறது. இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

ஆனால் ஏற்கெனவே தாயாகிவிட்ட பிள்ளைகள்? குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், திரிபோஷா சத்துமாவும் கிடைக்கிறது. படிப்பைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. என்னிடம் படித்த கெட்டிக்காரி ஒருத்தி, மடியில் குழந்தையோடு, "டீச்சர், நான் ஓ.எல். எழுத ஏலுமா?" என்று கேட்டாள்.

வலயக் கல்வி அலுவலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்து, இவர்களைச் சாதாரண தரப் (ஓ.எல்.) பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றவைக்க மாலை வகுப்புகளைத் தொடங்க வேண்டும். கிளினிக் நாளிலேயே பெயர் பதியலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்முனை