ஆற்றைக் கடக்க சில வாரம், பவுபஜாரைக் கடக்க ஆறு வருஷம்: கொல்கத்தா மெட்ரோவில் நடந்தது என்ன?

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் கொல்கத்தா போய், அங்கிருந்து டார்ஜிலிங் பக்கம் போக நினைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். ரயில் ஹவுராவில் இறக்கிவிடும். டார்ஜிலிங் மெயிலோ சியால்தாவிலிருந்து கிளம்பும். சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு ஓடுவது மாதிரிதான். என்ன, இங்கே நடுவில் ஹூக்ளி ஆறு, ஹவுரா பாலம், பெரிய கடைவீதிகள் எல்லாம் இருக்கின்றன. டாக்சிக்காரர் முக்கால் மணி நேரம் என்பார். மழை பெய்தால் அந்தக் கணக்கும் கிடையாது.

2025 ஆகஸ்ட் 22-க்குப் பிறகு இது மாறிவிட்டது. அன்றுதான் சியால்தா - எஸ்பிளனேடு இடையிலான சுரங்கப் பகுதியைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். இதோடு ஹவுரா மைதானத்தில் தொடங்கி சால்ட் லேக் செக்டார் 5 வரை, 16.6 கி.மீ. நீளமுள்ள கிழக்கு - மேற்கு வழித்தடம் (பச்சை வழித்தடம் என்கிறார்கள்) முழுசாக ஓடத் தொடங்கியது. ஹவுராவிலிருந்து சியால்தாவுக்குக் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கடைசியாகத் திறந்த அந்தத் துண்டின் நீளம் சுமார் இரண்டரை கி.மீ. நடந்தே போனால்கூட அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அதை முடிக்க ஏன் இத்தனை வருஷம்?

100 வருஷத்துப் பழைய கனவு

ஆற்றுக்கு அடியில் ரயில் என்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் வேலை பார்த்த ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற பொறியாளர், 1921-லேயே கல்கத்தாவுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். கிழக்கே பாக்மாரி, மேற்கே ஹவுரா பக்கம் சல்கியா, நடுவில் ஹூக்ளிக்கு அடியில் சுரங்கம். ஏறத்தாழ இன்றைய வழித்தடத்தின் தாத்தா என்று சொல்லலாம். பணம் இல்லாததால் திட்டம் காகிதத்தோடு நின்றது. ஆனால் மனிதர் சும்மா போகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஆற்றுக்கு அடியில் மின்சாரக் கேபிள் கொண்டுபோக ஒரு சுரங்கம் வந்தது. அதன் வடிவமைப்பு அவருடையதுதான்.

அடுத்து 1971-ல் வந்த பெருந்திட்டத்தில் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 97.5 கி.மீ. அவற்றில் ஒன்று சால்ட் லேக்கையும் ஹவுரா தாண்டி ராம்ராஜாதலாவையும் இணைப்பது. ஆனால் முதலில் கையில் எடுத்தது வடக்கு - தெற்குப் பாதையை. 1972 டிசம்பர் 29-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேடு - பவானிபூர் இடையே 3.4 கி.மீ. ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் அதுதான். டம்டமிலிருந்து டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் முடிய 1995 ஆகிவிட்டது.

அதை எப்படிக் கட்டினார்கள் என்பதும் இங்கே முக்கியம். பெரும்பாலும் சாலையை மேலிருந்து தோண்டி, பெட்டி மாதிரி கான்கிரீட் கட்டி, மறுபடி மூடும் முறை. நகரின் முக்கியச் சாலைகள் வருஷக்கணக்கில் பள்ளமாகவே கிடந்தன. கொல்கத்தாக்காரர்களுக்கு அந்த நினைவு இன்னும் போகவில்லை. அதனால்தான் அடுத்த பாதையைத் தோண்டும்போது மேலே யாருக்கும் தெரியாமல் இயந்திரம் அடியில் போய்விடும் என்று சொன்னது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

எந்தெந்த நிலையங்கள்?

மொத்தம் 12. இதில் ஹவுரா மைதானம், ஹவுரா, மகாகரன், எஸ்பிளனேடு, சியால்தா, பூல்பாகான் ஆகிய ஆறும் நிலத்தடியில். சுபாஷ் சரோவர் ஏரிப் பக்கம் ரயில் வெளிச்சத்துக்கு ஏறி வருகிறது. பிறகு சால்ட் லேக் ஸ்டேடியம், பெங்கால் கெமிக்கல், சிட்டி சென்டர், சென்ட்ரல் பார்க், கருணாமயி, செக்டார் 5 ஆகிய ஆறும் தூண்களுக்கு மேலே. ஐ.டி. கம்பெனிகள் இருப்பது செக்டார் 5-ல். நம்மூர் ஓஎம்ஆர் மாதிரி.

ஹவுரா நிலையம் தரைக்கு 30 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கிட்டத்தட்ட பத்து மாடி ஆழம். மகாகரன் என்றால் வங்காளத்தில் தலைமைச் செயலகம். ரைட்டர்ஸ் பில்டிங் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர். பெங்கால் கெமிக்கல் என்பது விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய கம்பெனியின் பெயர். ஒரு மருந்துக் கம்பெனியின் பெயரில் மெட்ரோ நிலையம் இருப்பது வங்காளிகளுக்கு ஆச்சரியமே இல்லை.

எஸ்பிளனேடில் இறங்கிப் பழைய வடக்கு - தெற்கு ரயிலுக்கு மாறலாம். ஆனால் ஒரு பாதை ரயில் இன்னொன்றில் ஓடாது. பழையது அகலப் பாதை, தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ. புதியது 1,435 மி.மீ.

ஆறு எப்படிச் சுலபமாக முடிந்தது?

எல்லோரும் பயந்தது ஆற்றைத்தான். ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டர், படுகையிலிருந்து சுமார் 13 மீட்டர் கீழே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுரங்கங்கள். ரச்னா, பிரேர்ணா என்று இரண்டு இயந்திரங்கள் இறங்கின. 2017-ல் சில வாரங்களிலேயே இரண்டும் அக்கரை சேர்ந்துவிட்டன. இப்போது ரயில் அந்தத் தூரத்தைச் சுமார் 45 வினாடியில் தாண்டுகிறது. ஆற்றுக்கு அடியில் போகிறோம் என்று தெரிவதற்காகவே சுரங்கத்தில் நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆற்றில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், அதற்கேற்ற ஆழத்தில் போகலாம். முக்கியமாக, மேலே யாரும் குடியிருக்கவில்லை. மண் நாலு அங்குலம் இறங்கினாலும் மீன் போய் புகார் கொடுக்காது.

பவுபஜாரில் என்ன ஆனது?

சியால்தாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவில் இருப்பது பவுபஜார். நகைப்பட்டறைகளும், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய செங்கல் வீடுகளும், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகளும் உள்ள இடம். நம் சௌகார்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஆகஸ்ட் 31. துர்கா பிதூரி சந்துக்கு அடியில் 'சண்டி' என்ற இயந்திரம் போய்க்கொண்டிருந்தபோது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. கொல்கத்தா இருப்பது கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல். களிமண்ணுக்கு நடுவே நீர் நிறைந்த மணல் அடுக்குகள் உண்டு. அப்படி ஓர் அடுக்கிலிருந்து தண்ணீர் வரும்போது தனியாக வராது, மணலையும் இழுத்துக்கொண்டு வரும். கீழே மணல் போனால் மேலே பள்ளம். ஒன்றிரண்டு நாளிலேயே வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு ஓட்டல் அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். துர்கா பூஜைக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. ஆட்களை முன்பே வெளியேற்றியதால் உயிர் போகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

கீழே நிலைமையைக் கட்டுப்படுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கத்துக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி, தாங்களே உள்ளே தண்ணீரை நிரப்பினார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். வெளியே இருக்கும் நீரழுத்தத்துக்குச் சமமாக உள்ளேயும் அழுத்தம் இருந்தால்தான் மணல் வருவது நிற்கும்.

இயந்திரத்தைப் பின்னால் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. முன்னால் இருக்கும் வெட்டும் தலை பெரிது. அது வெட்டிய துளைக்குள் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டே போவதால், பின்னால் இருக்கும் வழி அதைவிடக் குறுகல். முன்னேதான் போகலாம், இல்லையென்றால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சண்டி அங்கேயே கிடந்தது.

உயர் நீதிமன்றம் வேலையை நிறுத்தி, 2020 பிப்ரவரியில் மறுபடி அனுமதித்தது. 'ஊர்வி' என்ற இன்னோர் இயந்திரம் தன் சுரங்கத்தை முடித்துச் சியால்தாவுக்கு வந்தது. அதையே திருப்பி, சண்டி விட்ட மிச்சத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தோண்ட வைத்தார்கள். 2021 மே மாதம் அதுவும் முடிந்தது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. இரண்டு இயந்திரங்களையும் வெளியே எடுக்க மேலிருந்து ஒரு பெரிய குழி தேவைப்பட்டது. 2022 மே மாதம் அந்தக் குழியின் அடியில் தண்ணீர் கசிந்து மறுபடி வீடுகளில் விரிசல். அதே வருஷம் அக்டோபரில், அவசரத்துக்கு ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குறுக்குவழியைத் தோண்டும்போது பக்கத்து மதன் தத்தா சந்தில் மூன்றாவது முறை. ஏற்கெனவே ஓட்டலில் இருந்து திரும்பியவர்களில் சிலர் மறுபடி ஓட்டலுக்குப் போனார்கள்.

யார் மேல் தப்பு?

இங்கேதான் அரசியல். முதலில் போட்ட பாதை எஸ்பிளனேடு வழியாக இல்லை. சியால்தாவிலிருந்து சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து மகாகரன். சென்ட்ரல் பக்கம் கடைகளையும் குடியிருப்புகளையும் அகற்ற வேண்டும், அது கூடாது என்று மாநில அரசு மறுத்தது. அதனால் பாதை தெற்கே வளைந்து எஸ்பிளனேடுக்குப் போனது. நீளமும் 14.67 கி.மீ.-லிருந்து 16.6 ஆனது. விபத்துக்குப் பிறகு, அந்த வளைவுதான் வினை என்று மம்தா பானர்ஜியின் எதிர்க்கட்சிகள் சொன்னன. திரிணமூல் தரப்போ, கட்டியது ரயில்வேயின் நிறுவனம், பதில் சொல்ல வேண்டியதும் அதுதான் என்றது. தொடக்கத்தில் மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி பங்குதாரர்கள். பிறகு மாநிலம் விலகி, ரயில்வேக்கு 74 சதவீதம், நகர்ப்புற அமைச்சகத்துக்கு 26 சதவீதம் என்று ஆனது.

இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. பழைய வழியில் போயிருந்தாலும் அதே வண்டல் மண்தான், அதே மாதிரிப் பழைய கட்டடங்கள்தான். ஆனால் நேராகச் சாலைக்கு அடியில் போவதும், வளைந்து வீடுகளுக்கு அடியில் போவதும் ஒன்றல்ல. ஒருவரைக் கண்ணெதிரே அகற்றாமல் தப்பிக்கப் போய், இன்னொருவரை முன்னறிவிப்பே இல்லாமல் அகற்றியதுதான் நடந்தது.

2009-ல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு ஐயாயிரம் கோடிக்கும் குறைவு. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை ரூ.8,575 கோடி. அப்போது சொன்ன கெடு 2021 டிசம்பர். அதையும் தாண்டி ஏறக்குறைய நாலு வருஷம் ஆனது.

நமக்கு என்ன?

சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு இயந்திரங்கள் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று நெருக்கமான இடங்களுக்கு அடியில் வேலை செய்கின்றன. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இடம்தான். சாலை என்பதால் சீக்கிரம் மூடிவிட்டார்கள். வீடாக இருந்தால் அப்படி மூட முடியாது.

பவுபஜாரில் 2019-ல் வீடிழந்த குடும்பங்களுக்கு உடனடியாகத் தலா ரூ.5 லட்சம் கொடுத்தார்கள், வீட்டைக் கட்டித் தருவோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். ஆனால் இடிந்தவற்றில் பல, ஒரே கட்டடத்தில் சொந்தக்காரர், தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர், கீழே நகைப்பட்டறை வைத்திருந்தவர் என்று பல பேர் சேர்ந்து இருந்தவை. யாருக்கு எத்தனை சதுர அடி? ஒட்டிய சுவர் யாருடையது? இன்றைய கட்டட விதிப்படி இடம் விட்டுக் கட்டினால் பழைய அளவு கிடைக்குமா? 2025 ஆகஸ்டில் முதல் ரயில் அந்தச் சந்துகளுக்கு அடியில் கடந்து போனபோதும், சொந்த வீட்டுக்குத் திரும்பாதவர்கள் வாடகை வீடுகளில் இந்தக் கேள்விகளோடுதான் இருந்தார்கள்.