குடிகாரச் சாதி என்று எவன் சொன்னான்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புலைக்கு முன்னால் 12 மணிநேரம் வெந்துவிட்டு வர்ற காண்ட்ராக்ட் கூலி குடித்தால் அது 'சேரிப்புத்தி'. அடையாறு பங்களாக்காரன் குடித்தால் மன அழுத்தம், டாக்டர், கவுன்சிலிங். ரெண்டு பேருக்கும் ஒரே கல்லீரல்தான், பேர்தான் வேற.

குடி ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே சொல்லிவிட்டது. நம்ம தெருவுக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை. வருசக்கணக்கா குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா, ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத பூச்சி சுவத்துல ஊரும். உசுரே போகலாம். அதைப் பேய் என்று கட்டிவைத்து வேப்பிலை அடிக்கிறோம். இதில் நம்மாட்களும் குற்றவாளிகள்தான். வேண்டியது தயமின் ஊசி, டயசெபாம் போன்ற மருந்து, சில நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை, அப்புறம் மாசக்கணக்கில் கூட நிற்கிற ஆள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவது வைத்தியமல்ல.

2003 முடிவிலிருந்து மதுக்கடையை நடத்துவது அரசின் டாஸ்மாக். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்தது. உசுரோடு நடுங்கிக்கொண்டிருப்பவனுக்கு என்ன கொடுக்கும்? கடை இருக்கிற ஊரிலெல்லாம் படுக்கை கேட்போம். படுத்திருக்கிற நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது, அதையும் சேர்த்தே கேட்போம்.