இல்லாமையும் போதாமையும்

இல்லாமை வேறு, போதாமை வேறு. கையிற் பொருளின்றி இருத்தல் இல்லாமை. எவ்வளவு இருப்பினும் காணாது என்று அஞ்சியிருத்தல் போதாமை. முன்னது ஒரு நிலை. பின்னது ஒரு நோய். வள்ளுவர் நல்குரவைப் பொருட்பாலிலும் அவாவறுத்தலை அறத்துப்பாலிலும் வைத்தார். வறுமைக்கு மருந்து வேறு, ஆசைக்கு மருந்து வேறு என்பது அப்பகுப்பினாலேயே விளங்கும். ஆனால் நம்மவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, தம் வாழ்வையும் தம் பிள்ளைகளின் வாழ்வையும் நடத்தி வருகின்றனரோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே வாசிக்கும் இவ்விழா மலரில் அதனை வெளிப்படையாகக் கூறுதல் தகும் என எண்ணுகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடு இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அந்நீரையே நம் முன்னோர் துலா மிதித்து இறைத்து, புகையிலையும் வெண்காயமும் மிளகாயும் விளைவித்தனர். ஒரு கிணற்றுக்குப் பங்காளர் பலராயின் முறைவைத்து இறைத்தனர். இல்லாமை அவர்களுக்குச் சிக்கனத்தையும் ஒழுங்கையும் கற்பித்தது. இறைப்பு யந்திரங்கள் வந்தபின் நிலை மாறிற்று. அயலவன் இறைக்குமுன் நாம் இறைத்துவிட வேண்டும் என்று அளவின்றி இறைக்குமிடத்து நன்னீர் மெலிந்து உவர்நீர் மேலெழுகின்றது. முடிவில் இருவர் கிணறுங் கெடுகின்றன. போதாமை செய்யும் வேலை இதுவே. இல்லாது போய்விடுமோ என்னும் அச்சத்தினால், இருப்பதனையும் அது இல்லாமற் செய்துவிடுகின்றது.

பிழைப்புத் தேடும் வழியிலும் இதனையே காண்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் நம்மவர் ஆங்கிலங் கற்று, மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் இலங்கையின் அரச கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்றனர். வானம் பார்த்த பூமியிற் பிறந்தோர்க்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வற்றாத ஆறாகத் தோன்றியதில் வியப்பில்லை. பின்னர், 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அரச சேவையின் வாயிலை ஒடுக்கிற்று. 1970களில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலை ஒடுக்கிற்று. ஆதலின் நம் பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. வாயில் ஒடுங்கியது மெய்யே. ஆனால், ஒடுங்கிய அவ்வாயிலே உலகின் ஒரே வாயில் என்று கொண்டது நம் பிழை. வைத்தியர், பொறியியலாளர் என்னும் இரு பெயரன்றி வேறு பெயர் அறியாத வீடுகள் இன்றும் பல. நல்ல மேசன் ஒருவரையோ மின்வினைஞர் ஒருவரையோ தேடி நாட்கணக்காகக் காத்திருக்கும் அதே வீட்டார், தம் மகன் அத்தொழிலை விரும்பினால் மானம் போயிற்றென்று கலங்குகின்றனர்.

இல்லாமையின் எல்லையை நாம் சிறுவராயிருந்தபோதே கண்டோம். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. ஜாம் போத்தலினுள் சிறிது எண்ணெயும் நூலளவான திரியும் இட்ட சிக்கன விளக்கைச் சுற்றி அயற்பிள்ளைகள் எல்லோரும் இருந்து படித்தோம். புத்தகம் வைத்திருந்தவர் வாசிக்க, ஏனையோர் கேட்டு எழுதிக்கொண்டோம். உயர்தரம் படித்த அண்ணன்மார் தம் குறிப்புகளை அடுத்த வகுப்பாருக்கு விட்டுச் சென்றனர். ஒரு விளக்குக்கு ஐவர் இருந்தோம். ஒளி ஐந்திலொன்றாகக் குறையவில்லை.

அவ்விளக்கடியிற் படித்த நாமே பிற்காலத்திற் செய்தது யாது? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, பயிற்றப்பட்ட ஆசிரியராகிய நமது சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்தது. மாலையிற் பிரத்தியேக வகுப்பொன்று தொடங்கினோம். உழைப்புக்கு ஊதியம் பெறுதல் குற்றமன்று. ஆனால், காலை வகுப்பில் ஆகுபெயருக்கு இலக்கணம் மட்டும் கூறி, அதனை விளங்கவைக்கும் உதாரணங்களை மாலைக்கு ஒதுக்கினோம். எல்லாவற்றையும் காலையிலேயே கொடுத்துவிட்டால் மாலையில் யார் வருவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஒருநாள், கட்டணம் செலுத்த இயலாத மாணவன் ஒருவன், நண்பனின் மாலை வகுப்புக் கொப்பியைக் கையில் ஏந்தி வந்தான். “சேர், இது எங்கடை பாடத்தில இல்லையோ?” என்று கேட்டான். அவன் குற்றஞ் சாட்டவில்லை, அறியவே கேட்டான். நமக்கோ மறுமொழி வரவில்லை.

அடுத்த நாள் முதல் காலை வகுப்பிலே முழுமையாகக் கற்பித்தோம். மாலை வகுப்பிலிருந்து சிலர் நின்றுவிட்டனர். வருமானம் குறைந்தது, அதனை மறைக்கமாட்டோம். கட்டுரை எழுதித் திருத்தும் பயிற்சியை விரும்பி ஏனையோர் தொடர்ந்து வந்தனர். அடுப்பு அணையவில்லை.

மனத்தில் நிறைவை எண்ணிக்கொண்டால் பொருள் தானே வந்து குவியும் என்று போதிப்போர் இக்காலத்தில் உளர். நாம் அதனைக் கூறவில்லை. கிணற்று நீருக்கு அளவுண்டு, மருத்துவ பீடத்தின் இடங்களுக்கும் அளவுண்டு, சம்பளத்துக்கும் அளவுண்டு. எடுத்தாற் குறைவனவற்றை முறைவைத்துப் பங்கிடல் வேண்டும். கல்வி, கைத்திறன், வழிகாட்டல் முதலியனவோ கொடுத்தாற் குறையாதன. அவற்றைப் பூட்டிவைத்தல் ஆகாது. முன்னதை அள்ளுதற்கு முந்துவதும் பின்னதை ஒளித்து வைப்பதுமாக நாம் மாறி நடக்கின்றோம். நம் பாட்டிமார் உலையில் இடும் அரிசியிலிருந்து நாடோறும் ஒரு பிடியை வேறு பானையில் இட்டு வைத்தனர். கோயிற் பணிக்கும் சைவப் பாடசாலைகளுக்கும் அப்பிடியரிசி உதவிற்று. அவர்கள் அரிசி மிகுந்த வீட்டாரல்லர். ஒரு பிடியினால் தம் வீடு பட்டினி கிடவாது என்று துணிந்தவர்கள்.

மாணாக்கர்க்கு நாம் கூறுவது ஒன்றே. பக்கத்தில் இருப்பவனுக்கு உங்கள் கொப்பியை மறைக்காதீர்கள். அவனுக்கு விளக்கிச் சொல்லுமிடத்து உங்களுக்கே பாடம் தெளிவாகும். பழைய மாணவர்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். கட்டடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நீங்கள் தரும் நிதியை நன்றியோடு ஏற்கின்றோம். அத்துடன், தவணைதோறும் உங்களில் ஒருவர் வகுப்பறைக்கு வந்து, தாம் உழைத்துண்ணும் விதத்தை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். வைத்தியரும் வரலாம், கமக்காரரும் கடைக்காரரும் படகு கட்டுவோரும் வரல் வேண்டும். முதல் அழைப்புக்கு மேசன் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் வருவாராயின், அவரை வாயிலில் நின்று வரவேற்க நாம் காத்திருக்கின்றோம்.