பொறுக்காதீங்க மக்களே, பொறுக்காதீங்க!

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. விளையாட்டு புதுசா ஆரம்பிச்ச யாரை வேணா கேட்டுப் பாருங்க. அவங்களுக்குக் கிடைச்ச முதல் அறிவுரை இதாத்தான் இருக்கும். "கீழ விழுற எதையும் விடாத மச்சி. எல்லாத்தையும் எடுத்துக்கோ. பின்னாடி உதவும்." டயப்ளோவோ, பாத் ஆஃப் எக்ஸைலோ, டார்ச்லைட்டோ, விளையாட்டு எதுவானாலும் சீனியர்கள் ஓதுற மந்திரம் ஒண்ணுதான். எனக்கும் ஓதினாங்க, நானும் நம்பினேன். பல மாசம் வீணாப் போனப்புறம் சொல்றேன், புதுசா வர்றவங்களைப் பேய் பிசாசை விட அதிகமாக் கொன்னது இந்த அறிவுரைதான்.

இதெல்லாம் என்னன்னே தெரியாதவங்களுக்கு: மேல இருந்து பார்க்கிற மாதிரி திரை, கும்பல் கும்பலா எதிரிங்க, நாம ஒத்தை ஆள். அடிக்க அடிக்க கத்தி, கவசம், மோதிரம், மருந்துன்னு கீழ கொட்டும். அந்தக் கொட்டலுக்குப் பேர்தான் லூட். நல்லதா எடுத்துப் போட்டுக்கிட்டா நாம பலசாலி ஆவோம், அடுத்த கும்பலை அடிப்போம், இன்னும் கொட்டும். ஆட்டமே இவ்வளவுதான்.

இப்ப பை கணக்குக்கு வருவோம். 2000ல வந்த டயப்ளோ 2ல பைக்கு மொத்தம் 40 கட்டம். ஒரு உடம்புக் கவசம் மட்டும் 6 கட்டத்தை அடைச்சுக்கும். அஞ்சு கவசத்தை எடுத்தா முடிஞ்சுது, மீதி ஒத்தை வரிசையா பத்தே கட்டம். உடனே ஊருக்கு ஓடணும், விக்கணும், திரும்பி வரணும். ஒரு நாள் கடிகாரத்தை வச்சு எனக்கு நானே ஆடிட் பண்ணேன். மூணு மணி நேர ஆட்டத்துல ஐம்பது நிமிஷம் பையை அடுக்குறதுலயும் விக்கிறதுலயும் போயிருந்துச்சு. பி.காம். படிக்கிற பய பண்ற வேலையா இது?

இதுல கொடுமை என்னன்னா, கண்ணு முழுக்கத் தரையில கிடக்கிற பேரையே படிச்சுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல மூலையில இருந்து ஒருத்தன் நெருப்பு எறிவான். அவ்வளவுதான், ஆள் காலி. டயப்ளோ 2ல செத்தா போட்டிருந்த கவசமும் ஆயுதமும் பிணத்தோட அங்கயே கிடக்கும். பைக்குள்ள அள்ளி வச்ச குப்பை மட்டும் பத்திரமா நம்ம கூடவே ஊருக்கு வரும்! குப்பையைச் சுமந்துக்கிட்டு, வெறும் உடம்போட, நம்ம பிணத்தையே தேடி ஓடணும். இதை விடத் தெளிவா ஒரு விளையாட்டு நம்மளைத் திட்ட முடியாது.

எங்க ஆயா மீன் விக்கிறவங்க. நொச்சிக்குப்பத்துல லூப் ரோட்டு ஓரமா உட்கார்ந்து வித்தவங்க. 2024ல புது மார்க்கெட் திறந்தப்புறம் அங்க வியாபாரம். ஒரு நாள் நான் விளையாடுறதைப் பின்னாடி நின்னு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இன்னாடா, அப்பத்லேர்ந்து பொறுக்கிக்கினே கீற?"

"விக்கிறதுக்கு ஆயா. காசு வரும்."

"எவ்ளோ வரும்?"

சொன்னேன். எங்கிட்ட அப்ப எத்தனை தங்கம் கையில இருக்குன்னும் கேட்டாங்க. அதையும் சொன்னேன். ஆயா சிரிச்சுட்டாங்க.

"ஏலத்துல மலிவா கீதேன்னு நாலு கூடை எடுத்தா ஐஸு காசு யாரு குட்ப்பா? சாங்காலம் நாறிப் பூடும். இன்னிக்கு இன்னா போவும்னு தெர்ஞ்சு எடுக்கணும்டா. மீதிய வுட்டுட்டு வர்ணும்."

காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துல ஏ.பி.சி. அனாலிசிஸ்னு ஒண்ணு வரும். குடோன்ல இருக்கிற சரக்குல எண்ணிக்கையில கொஞ்சமா இருக்கிறதுதான் மதிப்புல பெரும்பங்கு. அதை 'ஏ'ன்னு வச்சுக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும். எண்ணிக்கையில பெரும்பங்கா இருக்கிற 'சி' சரக்குக்கு அந்த அளவு நேரம் செலவு பண்ணக் கூடாது. இதை நான் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். ஆயா பள்ளிக்கூடம் பக்கமே போகாம தினமும் காலையில பண்றாங்க.

சரி, திட்டினது போதும். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது இதான்.

1. முதல்ல உயிர், அப்புறம் அடி. புதுசா வர்ற எல்லாரும் பெரிய கத்தியைத்தான் தேடுவாங்க. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. டயப்ளோ 2ல நெருப்பு ரெசிஸ்டன்ஸ் 60 இருந்தா 100 அடி 40ஆக் குறையும். சூப்பர்னு நினைச்சு, எக்ஸ்பான்ஷன்ல ஹெல் கட்டத்துக்குப் போனா மொத்தத்துல 100ஐக் கழிச்சுடுவான். நம்ம 60 இப்ப மைனஸ் 40. அதே அடி 140ஆ விழும். உச்ச வரம்பான 75 வரைக்கும் ஏத்தி வச்சிருக்கிறவனுக்கு 25தான் விழும். 140க்கும் 25க்கும் ஐந்தரை மடங்குக்கு மேல வித்தியாசம். பாத் ஆஃப் எக்ஸைல்லயும் சாதாரண வரம்பு 75தான், அங்கயும் கதை முடியுறதுக்குள்ள ரெண்டு தவணையா முப்பது முப்பது கழிப்பாங்க. அதனால ரெசிஸ்டன்ஸ் இருக்கிற அசிங்கமான மோதிரம், அடி மட்டும் இருக்கிற அழகான மோதிரத்தை விட மேல்.

2. ஊருக்குத் திரும்புற வழி கையில இல்லாம பெரிய பாஸ் கிட்ட போகாதீங்க. டவுன் போர்ட்டல் புத்தகத்தை நிரப்பி வைங்க. இடுப்புப் பட்டையில மருந்து நிரம்பியிருக்கான்னு பாருங்க. பத்து வினாடி வேலை. நான் செத்த சாவுல பாதி இந்தப் பத்து வினாடி சோம்பலால.

3. எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "இப்ப நான் போட்டிருக்கிறதை இது தோற்கடிக்குமா?" ஆமான்னா எடுங்க. "பின்னாடி வேற கேரக்டர் ஆரம்பிச்சா உதவும்"னு மனசு சொன்னா, அந்த மனசை நம்பாதீங்க. அந்த வேற கேரக்டர் வரவே மாட்டான்.

4. கலரைப் பார்த்து ஏமாறாதீங்க. டயப்ளோ 2ல மஞ்சப் பேர் விழுந்தா எல்லாரும் பாய்வாங்க. ஆனா ரெண்டு ஓட்டை இருக்கிற சாதாரண சாம்பல் கலர் கவசத்துல டால், எத்னு ரெண்டு ரூனை அதே வரிசையில பதிச்சா 'ஸ்டெல்த்' ஆகும். 17ஆம் லெவல்லயே போட்டுக்கலாம். ஓட்ட வேகம் 25 சதவீதம் ஏறும், விஷத்துக்கு 30 ரெசிஸ்டன்ஸ். ஆரம்பத்துல கிடைக்கிற முக்கால்வாசி மஞ்சள் கவசம் இதுகிட்ட நிக்காது. மினுக்குறதெல்லாம் வஞ்சிரம் ஆகிடாது மக்களே.

5. ஃபில்டர் போடுங்க. பாத் ஆஃப் எக்ஸைல்ல குப்பையைத் திரையிலேர்ந்தே மறைக்கிற ஃபில்டர் போட்டுக்கலாம். நெவர்சிங்க்னு ஒருத்தர் எழுதினது ரொம்பப் பிரபலம். கிரிம் டான்ல விளையாட்டுக்குள்ளயே வசதி இருக்கு. "ஃபில்டர் போட்டா ஏதாவது தவறிடுமோ"ன்னு பயப்படுறவங்களுக்கு: ஆமா, தவறும். தவறட்டும்.

இதுக்கு எதிர்வாதம் வரும்னு தெரியும். முதல் வாதம், "ஆரம்பத்துல காசு வேணுமே?" நியாயம். முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் மருந்து வாங்கக்கூடக் கையில இருக்காது. அப்ப பொறுக்குங்க, தப்பே இல்ல. ஆனா அந்தப் பழக்கம் அதோட நிக்கணும். 2009ல வந்த டார்ச்லைட்ல, கூட வர்ற நாய் மேலயோ பூனை மேலயோ சரக்கை ஏத்தி ஊருக்கு அனுப்பினா அதுவே வித்துட்டு வந்துடும். விளையாட்டைச் செஞ்சவங்களே இது நாய் பார்த்தாப் போதுமான வேலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாம ஏன் இன்னும் மூட்டை தூக்கிக்கிட்டு அலையுறோம்?

ரெண்டாவது வாதம், "லூட் சேக்கிறதுதானே சுகமே?" இங்கதான் நான் முழுசா மோதுறேன். கிடைக்கிறது சுகம். சேக்கிறது வேற, அது வேலை. சம்பளம் இல்லாத ஸ்டோர் கீப்பர் வேலை. 2012ல டயப்ளோ 3 வந்தப்ப, கிடைச்ச பொருளை நிஜப் பணத்துக்கே விக்கிற ஏலக்கடையைத் திறந்தாங்க. சேக்கிறவங்களுக்குச் சொர்க்கம்னு தோணும். என்ன ஆச்சு? எதிரியை அடிச்சுப் பொருள் எடுக்கிற ஆட்டத்தை விட்டுட்டு, எல்லாரும் ஏலப் பட்டியலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. விளையாட்டோட அடிப்படையையே இது கெடுக்குதுன்னு பிளிஸ்ஸார்ட் கம்பெனியே ஒத்துக்கிட்டு 2014 மார்ச் 18ஆம் தேதி அதை இழுத்து மூடிச்சு. லூட்டைச் சரக்காப் பார்த்தா சுகம் செத்துடும்கிறதுக்கு இதை விட சாட்சி வேணுமா?

இன்னொரு விஷயமும் இருக்கு. "எதையும் விடாதே"ங்கிற புத்தி பையோட நிக்காது, பர்ஸுக்கும் வரும். எதுவும் தவறக்கூடாதுன்னு பழகினவன்கிட்டதான் "இன்னும் ஒரு தடவை, இந்தத் தடவை விழும்"னு காசு கேக்க முடியும். 2022 ஜூன்ல வந்த டயப்ளோ இம்மார்ட்டல், லூட் பாக்ஸ் பத்தின சட்டங்களால பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் வெளியாகவே இல்ல. நம்ம நாட்டுல 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தோட குறி, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்கள் மேல. பணம் கட்டி மினுக்குற கல்லை எடுக்கிறவனைச் சட்டம் வந்து காப்பாத்தும்னு உட்கார்ந்திருக்க வேணாம். விட்டுட்டு வரப் பழகின கைதான் அவனுக்குக் காவல்.

கடைசியா ஒரு சுயபுராணம், மன்னிச்சுக்கோங்க. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, "ஸ்டாஷை மட்டும் ஒழுங்கு பண்ணிட்டுப் படிக்கிறேன்"னு உட்கார்ந்தேன். எந்தக் கல்லை எந்த வரிசையில வைக்கிறதுன்னு ரெண்டரை மணி வரைக்கும் ஓடிச்சு. அடுத்த நாள் கேள்வித்தாள்ல சரக்குக் கட்டுப்பாட்டுல பெரிய கேள்வி. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணு சொருகிடுச்சு. அந்தப் பேப்பர் அரியர். வீட்டுல சொன்னப்ப ஆயா ஒண்ணும் திட்டல. திரும்ப எழுத ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க, மடியில இருந்து எண்ணிக் குடுத்தாங்க. ஐஸ் தண்ணியில ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஸ்டாஷைத் திறந்து மொத்தத்தையும் கீழ கொட்டினேன். எதுவுமே இன்னைக்கு வரைக்கும் தேவைப்படல.

விளையாடுங்க மக்களே, நானும் இன்னும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா கீழ ஏதாவது மினுக்கினா ஒரு நொடி நில்லுங்க. ஐஸ் காசு யார் குடுப்பாங்கன்னு யோசிங்க. அப்புறம் குனியலாம்.