கல்லீரல் இன்சுலின் சுரந்தால் ஊசிக்கு விடுதலையா?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலேயே நீரிழிவு அதிகமுள்ள மாநிலமாகப் பதிவானது நம் நெகிரி செம்பிலான். பெரியவர்களில் 33.2 விழுக்காட்டினர், அதாவது மூவரில் ஒருவர். நாட்டின் சராசரியோ 18.3 விழுக்காடு. அதனால்தான், "கல்லீரலே இன்சுலின் சுரக்கும், இனி ஊசி வேண்டாம்" என்ற செய்தி எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்தபோது, ரந்தாவ் பக்கத் தோட்டத்தில் இருக்கும் சித்தி முதல் ஆளாக "உண்மையா?" என்று கேட்டார். உயிர்மருத்துவம் படிப்பவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

அறிவியல் உண்மைதான். கருவில் கல்லீரலும் கணையமும் ஒரே திசுப் படலத்திலிருந்து உருவாகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை உணரும் ஆற்றல் கல்லீரல் உயிரணுவுக்கும் ஓரளவு உண்டு. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் சாரா ஃபெர்பர் குழுவினர், கணையத்தை உருவாக்கும் ஒரு மரபணுவை எலியின் கல்லீரலில் செலுத்தி, அங்கே இன்சுலினைச் சுரக்க வைத்தனர். சிட்னியில் ஆன் சிம்ப்சன் குழு மனிதக் கல்லீரல் உயிரணுக்களில் இன்சுலின் மரபணுவைச் சேர்த்தது. சர்க்கரையின் அளவைச் சரியாக உணர இன்னொரு மரபணுவும் தேவைப்பட்டது. 2015இல் அந்த உயிரணுக்கள் எலிகளின் நீரிழிவைச் சரிசெய்தன. ஆனால், அவற்றின் மூலம் ஒரு கல்லீரல் புற்றுநோய்க் கட்டி. அதை அப்படியே ஒரு மனிதருக்குள் வைக்க யார் துணிவார்?

மனிதர்களிடம் பலன் தந்திருப்பது வேறொரு வழி. மூல உயிரணுக்களிலிருந்து கணைய உயிரணுக்களை வளர்த்து, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். 2025இல் வெளியான வெர்டெக்ஸ் நிறுவன ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டனர். பெரிய செய்திதான்! ஆனால், உடல் அந்த உயிரணுக்களை அழித்துவிடாதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

அவர்கள் அனைவரும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள். உடலில் இன்சுலினே சுரக்காத நிலை அது. சித்திக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கும் இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கும், உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. ஆண்டுகள் போகப் போகச் சுரப்பும் குறையும். கல்லீரலைச் சுரக்க வைத்தாலும் முதல் சிக்கல் அப்படியே இருக்கும். புலனச் செய்தி விட்டுவிட்ட வரி இதுதான்.

"இன்சுலின் போட்டால் கண் போய்விடும்", "கடைசிக் கட்டத்தில்தான் ஊசி" என்ற பேச்சு நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. கண்ணைக் கெடுப்பது பல ஆண்டுகள் கட்டுப்படாமல் விட்ட சர்க்கரை. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுபவருக்கு, "புது சிகிச்சை வருகிறதாம்" என்பது இன்னொரு சாக்காகிவிடும். எனக்குக் கவலை அதில்தான்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளியில் மருத்துவரும் மருந்தும் கிடைக்கும். ஆனால், பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் வேலைக்குப் போய்விட்டால், பேருந்து வராத தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி அங்கே எப்படிப் போவார்? சித்திக்கு அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். புலனக் குழுவில் இப்போது, யார் காரில் கூட்டிப் போவது என்ற பேச்சு ஓடுகிறது.