துருவைத் துடைக்கலாம், சாட்சியைத் துடைக்கலாமா?

இங்கிலாந்தில் வாழும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் எனக்கு இரண்டு புகைப்படங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஒன்றின் கீழே "முன்பு" என்றும் மற்றதன் கீழே "பின்பு" என்றும் எழுதியிருந்தார். பாராட்டை எதிர்பார்த்தே அனுப்பினார் என்பதில் ஐயமில்லை. என்னால் பாராட்ட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத் தனிமடலில் எழுதினேன். அதையே இங்கும் எழுதுவதற்கு, பெயரைக் குறிப்பிடாமல் எழுதுமாறு கேட்டு, அவர் பெருந்தன்மையோடு இசைந்தார்.

நண்பர் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் இளமையில் தோட்டத்துரை வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கி சுமந்து பின்னால் நடந்தவர். அந்த நினைவின் காரணமாகவே நண்பர் ஏலமொன்றில் 1880களைச் சேர்ந்த இரட்டைக் குழல் வேட்டை ரைபிள் ஒன்றை வாங்கினார். பேர்மிங்காமில் செய்யப்பட்ட அது இலங்கைக்கு அனுப்பப்பட்டது என்பதைத் தொடரிலக்கத்தைக் கொண்டு பழைய பேரேட்டில் கண்டறிந்தார். பாட்டனார் சுமந்தது அதுவல்ல. ஆயினும் அதைப் போன்றதுதான்.

"முன்பு" என்ற படத்தில் குழல்கள் தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறியிருந்தன. விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குச் சற்று முன்னால், ஒற்றைக் கையால் தூக்கும்போது எடை சமநிலைப்படும் இடத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு முழுதாகத் தேய்ந்து உருக்கு வெளிறித் தெரிந்தது. "பின்பு" என்ற படத்தில் அது இல்லை. புதிய மோட்டார் வண்டியைப் போல எல்லாம் கருகருவென்று மின்னின.

அந்த வெளிறிய இடத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரைபிளின் நீலக் கருமை வர்ணப்பூச்சு அன்று; அது அடக்கியாளப்பட்ட துரு. அக்காலத்துக் கைவினைஞர் குழலின் எண்ணெய்ப்பசையை நீக்கி, துருவேற்றும் திரவத்தைத் தடவி, ஈரப்பதமான அறையில் வைப்பர். செந்துரு படர்ந்ததும் கொதிநீரில் அவிப்பர். செந்துரு கருந்துருவாக மாறும். மெல்லிய கம்பித் தூரிகையால் தளர்ந்ததை நீக்கிவிட்டு, மீண்டும் துருவேற்றுவர். இப்படிப் பல முறை, பல நாட்கள். கொதிநீரில் அவிக்காமல் விட்டாற் கிடைப்பது அதற்கு முந்திய தலைமுறைத் துப்பாக்கிகளில் காணப்படும் செம்பழுப்பு. விசைப்பொறி அடங்கிய உடற்பகுதியின் நீலமும் வைக்கோல் நிறமும் கலந்த சாயலோ, எலும்புக்கரியோடு சூளையிலிட்டு நீரில் அமிழ்த்துவதாற் பிறப்பது.

இன்று பட்டறைகள் பலவற்றில் நடப்பது வேறு. முதலில் மினுக்கும் சக்கரம். அது கூர்மையான விளிம்புகளை மழுக்குகிறது; திருகாணித் துளைகளைக் குழியாக்குகிறது; செதுக்கிய எழுத்துகளை மங்கச் செய்கிறது. பிறகு எரிசோடாவும் நைத்திரேற்று உப்பும் கலந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் கொதிக்கும் தொட்டி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இது இருபதாம் நூற்றாண்டில் பரவிய முறை. 1880களின் குழலுக்கு உரியதன்று. பழைய இரட்டைக் குழல்கள் ஈயப்பற்றினால் இணைக்கப்பட்டவை. அந்தக் கொதிகாரம் ஈயப்பற்றை அரிக்கும். நண்பருடைய ரைபிளில் குழல்களுக்கிடையேயான பட்டை இப்போதே சற்று அசைகிறதாம். அழகுபடுத்தப் போய் உடலையே தளர்த்திவிட்டார்கள்.

அதுவாவது பழுதுபார்க்கக் கூடியது. அழிந்த எழுத்தை எவராலும் மீட்க முடியாது. துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு லண்டனில் 1637இல் அரச பட்டயம் வழங்கப்பட்டது. பேர்மிங்காமின் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி நிறுவப்பட்டது. இவை குழல்களைச் சோதித்துப் பொறித்த சிறு முத்திரைகள்தாம் ஒரு துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். காலப்போக்கில் முத்திரைகள் மாறியதால் அவற்றைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம். சக்கரத்தின் முன் அவை சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடியா.

மேற்பரப்பு எத்தகைய சாட்சி என்பதை நாம் அண்மையிலேதான் கண்டோம். 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற கண்டிப் பீரங்கியை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. சூரியன், பிறை, சிங்கம் எனக் கண்டி அரசின் சின்னங்கள் அதன் உடலிலேயே இருந்தன. இடையில் யாராவது அதைச் "சுத்தமாக்கி" வழவழப்பாக்கியிருந்தால், அது யாருடையது என்று அந்தப் பீரங்கியே சொல்லியிருக்குமா?

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். "துரு தின்றுவிடுமே" என்பர். உண்மை. ஆனால் தின்னும் துரு வேறு, நிலைத்துவிட்ட பழுப்பு வேறு. செம்பொடியாக உதிர்வதை எண்ணெயிட்டு, மென்மையான வெண்கல நாரால் பொறுமையாக நீக்கலாம். பழுப்பை அப்படியே விட்டு, அரும்பொருட்சாலைகள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகைத் தடவி, ஈரத்திலிருந்து காத்தாற் போதும். இது பாதுகாத்தல். மற்றது புதுப்பித்தல். இரண்டையும் ஒன்றெனக் குழப்புவதே இந்தத் தவறின் வேர்.

"செய்தவர்களே அக்காலத்தில் பூச்சைப் புதுப்பித்துக் கொடுத்தார்களே" என்பர். அதுவும் உண்மை. அன்று அது வேலை செய்யும் கருவி. கருவிக்குச் செய்வது பராமரிப்பு. இன்று அது சாட்சி. சாட்சியின் வாயில் நாம் சொற்களைத் திணிக்கலாகாது.

"யானைகளைக் கொன்ற கருவிக்கு இத்தனை கரிசனமா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியவராகக் கூறப்படும் மேஜர் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் வாழ்ந்து, இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த வேட்டையை நான் போற்றவில்லை. போற்றாததனாலேதான் சொல்கிறேன்: அந்த இரும்பை மணப்பெண்ணைப் போல அலங்கரிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே அது சுமக்கட்டும்.

இனி அந்த உள்ளங்கை அகலத்துக்கு வருகிறேன். சுட்டவருடைய பெயர் பேரேட்டில் இருக்கிறது. செய்தவருடைய பெயர் குழலில் இருக்கிறது. காட்டிலும் அட்டைக்கடியிலும் மழையிலும் அதைச் சுமந்து நடந்தவருடைய பெயர் எங்கும் இல்லை. விசையருகே படிவது சுட்டவருடைய விரல். சமநிலைப்படும் இடத்தில் படிவது சுமந்தவருடைய கை. துரையும் சில வேளை சுமந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய வேட்டைகளில் நாள் முழுதும் சுமந்தவர் எவர் என்பதை நண்பருடைய பாட்டனாரே அறிவார். வியர்வையின் உப்பும் தோலின் உராய்வும் பல ஆண்டுகள் சேர்ந்து அந்தக் கருமையைத் தேய்த்தன. பெயரில்லாத மனிதன் இட்டுச் சென்ற ஒரே கையொப்பம் அது. அதைத் தேடியே பெருந்தொகை கொடுத்து ரைபிளை வாங்கிய பேரன், மேலும் பணம் கொடுத்து அதை அழிக்கச் செய்தார்.

நண்பரை நோகடிக்க இதை எழுதவில்லை. "பார்த்துப் பார்த்துச் செய்தேன், யோசித்துச் செய்யவில்லை" என்று அவரே பதில் எழுதிவிட்டார். இனி அவர் "முன்பு" என்ற படத்தைச் சட்டமிட்டு ரைபிளுக்கு மேலே மாட்டப் போகிறாராம்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். பாட்டியின் குத்துவிளக்கோ தாத்தாவின் பாக்குவெட்டியோ இருக்கும். மினுக்கக் கொடுக்குமுன் அதை வெயிலிற் பிடித்து, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, யாருடைய கை தேய்த்தது என்று ஒருமுறை பாருங்கள்.